சாமியாடிக்குச் சப்ளையர்

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. லீவு இல்லை, வேலையே இல்லை. நேற்றோடு விட்டாயிற்று. தேதியைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் நான் ஏப்ரல் ஃபூல் செய்கிறேன் என்றே நினைத்திருக்கிறார்கள். காலையில் ரிசப்ஷனிலிருந்து போன். "மேடம், முதல் பேஷண்ட் வந்தாச்சு. எங்க இருக்கீங்க?" வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. பக்கத்துக்கு ஒரு மாத்திரை விளம்பரம். புதுத் தொழில் ஆரம்பிக்கிறவர்கள் எழுதி வைக்க வேண்டும் என்று திருச்சி ஹாஸ்டலிலிருந்து மகள் கியூரி உத்தரவு போட்டிருக்கிறாள். எழுதுகிறேன்.

பெயர் தமயந்தி. சேலத்தில், காது கேட்கிறதா என்று சோதிக்கிற வேலை. ஒலி புகாத அறைக்குள் பேஷண்ட், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க." பீப். இருபது வருஷமாக இதுதான்.

போன வருஷம் மாதையன் என்று ஒருவர் வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கோயில் விசேஷங்களுக்குப் பம்பை, உடுக்கை செட்டு வைத்திருக்கிறார். இடது காது மந்தம். உங்கள் உடுக்கை எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அளந்து பார்ப்போம், கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்தார். அந்த அறைக்குள் நானும் கருவியோடு உட்கார்ந்தேன். உடுக்கையின் இடுப்பை அழுத்தி அழுத்தி வாசித்தார். கருவியில் என்ன எண் வந்தது என்று கேட்டால் தெரியாது. பார்க்கவில்லை.

"யாருங்க இதைச் செஞ்சது?" என்றேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருத்தராம். ஆர்டர் கொடுத்தால் அடுத்த ஆடிக்குத்தான் கிடைக்குமாம், அவ்வளவு கிராக்கி. கிழிந்த பழைய உடுக்கை ஒன்றை மாதையனிடமே விலைக்கு வாங்கி வந்தேன். ஞாயிறுதோறும் பிரித்தேன், கட்டினேன், மறுபடி பிரித்தேன். போன மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் முதுகுவலி என்று போட்டேன்.

"உனக்கு எப்ப முதுகு வலிச்சுது?" என்றார் சாலு.

சாலு என் கணவர். முழுப் பெயர் இங்கர்சால். மாமனார் கறுப்புச் சட்டைக்காரர், ஒரு அமெரிக்க நாத்திகரின் பெயரை மகனுக்கு வைத்தார். கல்யாணமான அன்றே, "நீயும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், நீ, வா, போதான்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவு நீளப் பெயரை மாடிக்குக் கேட்கிற மாதிரி எப்படிக் கூப்பிடுவது? சாலு ஆக்கிவிட்டேன். வாயில் 'நீ' வருகிறது, எழுதும்போது மட்டும் 'அவர்' வந்துவிடுகிறது.

பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறார். பகுத்தறிவுச் சிந்தனை வட்டத்தின் செயலாளர். என் முடிவைக் கேட்டதும் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உடுக்கையை யாரு வாங்குவாங்க? சாமியாடி வாங்குவான். ஊருக்கெல்லாம் நான் சயின்ஸ் வாத்தியார். நீ சாமியாடிக்கு சப்ளையர்." பிறகு, "அவங்கவங்க விருப்பம். வீட்டுக்குள்ள சாம்பிராணி மட்டும் கூடாது" என்றார்.

சாம்பிராணிக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தேவை ஆட்டு இரைப்பை.

ஏப்ரல் 4, வெள்ளி

கறிக்கடை பாயிடம் இரைப்பை கேட்டேன். "சுத்தம் பண்ணி நறுக்கித் தரட்டுங்களா மேடம்?" வேண்டாம், முழுசாக, கீறல் படாமல் வேண்டும் என்றேன். "என்ன குழம்புங்க அது?" குழம்பில்லை, உடுக்கை என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் நல்லதாக ஒன்று எடுத்து வந்தார்.

வெந்நீரில் அலசி மெதுவாக உரித்தால், உள்ளே வெங்காயச் சருகு போல ஒரு சவ்வு வரும். அதைப் பிரம்பு வளையத்தில் இழுத்து ஒட்டி, நிழலில் காய வைக்க வேண்டும். மொட்டை மாடியில் காய வைத்தேன். பக்கத்து வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 9, புதன்

கிழிந்துவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

இன்னொன்றும். சாலு விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து வந்து, "எத்தனை பெயில்?" என்றார். உன் பக்கமா, என் பக்கமா என்றேன். சிரித்தோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் உடுக்கை முடிந்தது. பலா மரத்தில், கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கிய கட்டை. இரண்டு முகத்திலும் சவ்வு, நூல் கயிறு, நடுவில் சிவப்புத் துணிப் பட்டை. அலமாரியில் வைத்து தூரத்தில் நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

மாதையனைக் கூப்பிட்டேன். ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்தார். மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது அக்கா என்கிறார். நாலு தட்டுத் தட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சொல்லுங்க தம்பி."

"பார்க்க உடுக்கை மாதிரியே இருக்குதுங்க அக்கா."

"சத்தம்?"

"டால்டா டின்னு மாதிரி இருக்குது."

காபி குடித்துவிட்டுப் போனார். சாலு உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "விமரிசனம் எப்படி?" என்றார். வாயை மூடு என்றேன். அவர் குரலில் கிண்டலைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

மே 6, செவ்வாய்

கியூரி போன் செய்தாள். "ஹாஸ்டல்ல அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டாங்கம்மா. மியூசிக் இன்ஸ்ட்ருமெண்ட் டிசைனர்னு சொல்லிட்டேன். ஓகேதானே?" ஓகே என்றேன். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். நன்றாக இருக்கிறார் என்றேன். "தாத்தா பத்தி ஏதாவது பேசினாரா?" இல்லை என்றேன். பேச வேண்டியது என்ன இருக்கிறது?

மாமனார் டிசம்பரில் இறந்தார். அவர் விருப்பப்படி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். சடங்கு, ஒப்பாரி, மேளம் எதுவும் இல்லை. மறுநாளே சாலு பள்ளிக்குப் போய்த் திருப்புதல் தேர்வு வைத்தார். சிந்தனை வட்டத்தில் அதை இன்றைக்கும் மெச்சிப் பேசுகிறார்கள். நானும் அப்போது பெருமையாகத்தான் இருந்தேன்.

மே 18, ஞாயிறு

மூன்றாவது உடுக்கை. இடுப்பை இன்னும் ஒடுக்கிக் கடையச் சொன்னேன். ஒரு முகத்தின் குறுக்கே முடி ஒன்று இழுத்துக் கட்டினால்தான் அந்த அதிர்வு வரும். குதிரை முடிக்கு எங்கே போவது? என் தலையிலிருந்தே நீளமாக இரண்டு எடுத்து முறுக்கிக் கட்டினேன். ஒன்று கறுப்பு, ஒன்று நரை.

மாலையில் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். முதல் தட்டிலேயே தெரிந்துவிட்டது. பட்டையை அழுத்தினால் ஏறுகிறது, விட்டால் விம்மி இறங்குகிறது. ஆள் பேசுகிற மாதிரியே. நிறுத்த மனம் வரவில்லை.

உள்ளே நாற்காலி விழுகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். சாலு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தோள் இரண்டும் குலுங்குகின்றன. பல் கிட்டித்த மாதிரி வாயை இறுக்கியிருக்கிறார்.

"என்ன சாலு? என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. பிரஷர். தண்ணி குடு."

குடித்தார். சரியாகிவிட்டது. பத்து நிமிஷத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 19, திங்கள்

டாக்டரிடம் போனோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. எல்லாம் சரியாக இருக்கிறது. "நல்லா இருக்கீங்க சார், டென்ஷனைக் குறைங்க" என்றார் டாக்டர்.

மாதையன் வந்து மூன்றாவதை வாசித்தார். வாசித்துவிட்டு உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டார். "அக்கா, இதை வேற யாருக்கும் குடுத்துறாதீங்க." அதற்கப்புறம் எனக்கு ராத்திரிச் சமையலே ஓடவில்லை. உப்புமா.

மே 25, ஞாயிறு

"நான் வீட்டில இருக்கறப்ப வாசிக்காதே தமயந்தி" என்றார். கெஞ்சுகிற மாதிரி. சரி என்றேன். நியாயம்தானே. அவரும் இந்த வீட்டில்தான் இருக்கிறார்.

ஜூன் 11, புதன்

பள்ளி திறந்துவிட்டது, பகலெல்லாம் வீடு எனக்கே. இன்றைக்கு இரண்டு உடுக்கை கட்டினேன். சாயங்காலம் அவர் வண்டி வரும் நேரம் என்று தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்துவிட்டேன். கேட் வெளியே வண்டியை அணைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

ஜூன் 13, வெள்ளி

இன்றும் நேரம் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

ஆடி நெருங்குகிறது. மாதையனின் செட்டு எங்கெங்கே வாசிக்கிறதோ அங்கிருந்தெல்லாம் ஆர்டர் வருகிறது. பாய் இப்போது எனக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார்.

ஒரு சிக்கல். எங்கள் பேட்டை அங்காளம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. மாதையன் செட்டுத்தான். அங்கே சாமியாடுகிறவர் சின்னப்பையன் பூசாரி. பெயர்தான் சின்னப்பையன், வயது அறுபது இருக்கும். உடுக்கையை ஒரு பெண் கட்டியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பொம்பளை கட்டின உடுக்கைக்கு ஆத்தா இறங்குவாளான்னு கேக்கறாருங்க அக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆத்தா பொம்பளையா ஆம்பளையான்னு கேட்டேன். அதுக்கு அவரு பதில் சொல்லலை. ஆனா ஒண்ணு சொன்னாரு. அன்னைக்கு அருள் வரலைன்னா, பழியை எம்மேல தூக்கிப் போடாதே, கட்டினவங்க கிட்டக் கேளுன்னாரு."

அதாவது அருள் வராவிட்டால் சுற்று வட்டாரத்தில் ஒரு கோயிலிலும் என் உடுக்கையைத் தொட மாட்டார்கள். சாலுவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "வரலைன்னா என்ன பண்ணுவே?" என்று கவலையாகக் கேட்டார். பிறகு தான் என்ன கேட்டோம் என்பது உறைத்ததோ என்னவோ, எழுந்து போய் டியூப் லைட்டைத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் கோயிலுக்குப் போனேன். சாலுவுக்கு அரை நாள் பள்ளி. நான் அங்கெல்லாம் வரமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். நல்ல கூட்டம். ஒரு பக்கம் அண்டா அண்டாவாகக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பம்பைக்காரர்கள் இரண்டு பேர், நடுவில் மாதையன், கையில் என் உடுக்கை. சின்னப்பையன் பூசாரி மஞ்சள் வேட்டியோடு கண்ணை மூடி நின்றார்.

வாசிக்க ஆரம்பித்த நேரம் பார்த்துத் தூறல். நனைய வைக்கிற மழைகூட இல்லை, சும்மா ஈரக் காற்று. அதுவே போதும், சவ்வு தொய்ந்துவிடும். நான் பயந்தது போலவே ஆயிற்று. உடுக்கை மெல்ல மெல்லச் செத்தது. பழைய டால்டா டின். பூசாரி ஒரு கண்ணைத் திறந்து மாதையனைப் பார்த்தார். மாதையன் என்னைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ, "இந்த வருஷம் ஆத்தாளுக்கு என்ன கோவமோ" என்றார்கள்.

எனக்கு என்ன தைரியம் வந்ததோ, நடுவே போய் உடுக்கையை வாங்கினேன். கூழ் அடுப்புக்கு ஓடினேன். கிளறிக்கொண்டிருந்த அம்மாள், "ஏங்கண்ணு, என்ன வேணும்?" என்றார். "கொஞ்சம் சூடு வேணுங்க." தணலுக்கு மேலே முழ உயரத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அதிகம் காட்டினால் பொரிந்துவிடும். காதோரம் வைத்து விரலால் சுண்டினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சரி. என் முந்தானையால் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாதையன் தட்டிய முதல் தட்டில் அடுப்படியில் இருந்த நாய் எழுந்து நின்றது. பூசாரி ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். வேப்பிலையை வாங்கிக்கொண்டு அவர் ஆடிய ஆட்டத்தில் வயது அறுபது என்று யாரும் சொல்ல முடியாது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது பின்னால் ஒரு சலசலப்பு. "இங்க ஒருத்தருக்கும் வந்திருச்சு, வழி விடுங்க, வழி விடுங்க." திரும்பிப் பார்த்தால் சாலு. மழை வருகிறதே என்று எனக்குக் குடை கொண்டு வந்திருக்கிறார். குடை ஒரு பக்கம் கிடக்கிறது. கால் தரையில் நிற்கவில்லை. தோள், கை, தலை எல்லாம் உதறுகிறது. நான் போவதற்குள் மண்ணில் மண்டி போட்டுவிட்டார்.

மாதையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அருகே குனிந்து, சத்தத்தைக் குறைத்து, இடுப்புப் பட்டையை இறுக்கி இறுக்கி விட்டு, தாலாட்டுகிற மாதிரி வாசித்தார். சாலு "அப்பா" என்றார். பிறகு அழுதார். அப்படி ஒரு அழுகையை இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் பார்த்ததில்லை. ஒரு சின்னக் குழந்தைக்கு மூச்சு பிடித்துக்கொள்ளுமே, அப்படி.

வழக்கப்படி பெரியவர் ஒருவர் முன்னால் வந்து கைகூப்பிக் கேட்டார். "வந்திருக்கறது யாருங்க சாமி? பேரைச் சொல்லுங்க."

"யாரும் வரல. நான்தான்."

"நான்னா? பேரைச் சொல்லுங்க சாமி."

"இங்கர்சால்."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. "இங்கர்சாலா? அது எந்த ஊரு சாமி?" என்றார் பெரியவர். "மேற்கத்திச் சாமியா இருக்கும்" என்றார் ஒருவர். கூழ் அம்மாள் மட்டும் குழம்பவே இல்லை. "எந்தச் சாமியா இருந்தா என்ன, தொண்டை காஞ்சிருக்கும். இங்கர்சாலப்பனுக்கு ஒரு சொம்புக் கூழு குடுங்க" என்று தானே கொண்டு வந்தார்.

சாலு இரண்டு கையாலும் வாங்கி மொத்தத்தையும் குடித்தார். அழுதுகொண்டே சிரித்தார். "தமயந்தி, வெங்காயம் இருக்குதா பாரு" என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பள்ளிக்கு லீவு. மத்தியானம் வரை தூங்கினார்.

யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். அது சிந்தனை வட்டத்து வாட்ஸப் குழுவுக்கும் வந்துவிட்டது. செயலாளர் விளக்கம் தர வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறார்கள். என்னால்தானே என்றேன். "என்னாலதான். குடை கொண்டுவரச் சொன்னது யாரு? நீயா?" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூட்டத்துக்கு நானும் போனேன். நூலக மாடி. தலைவர் வெற்றிச்செல்வி டீச்சர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருத்தர் எடுத்ததுமே, செயலாளர் பதவி விலக வேண்டும் என்றார். மாமனார் பெயரை இழுத்தார். "அவரு மகன் கோயில் மண்ணுல உருள்றதா?"

சாலு எழுந்து நின்றார். பாடம் நடத்துகிற குரல் வரவில்லை, வீட்டுக் குரல்தான் வந்தது.

"என் மேல எந்தச் சாமியும் வரல. அங்க இருந்தவங்க கிட்டயும் அதைத்தான் சொன்னேன். அப்பா செத்து எட்டு மாசமா எனக்கு அழுகை வரல. அன்னைக்கு வந்துச்சு. ஏன் அந்தச் சத்தத்துக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. தெரியலைங்கறேன். ஆனா நடந்ததை நடக்கவே இல்லைன்னு சொல்லச் சொன்னீங்கன்னா, அதுக்குப் பேருதான் மூடநம்பிக்கை."

வெற்றிச்செல்வி டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்க காது சம்பந்தமா படிச்சவங்கதானேம்மா? அறிவியல்பூர்வமா ஏதாவது சொல்ல முடியுமா?"

"காது வரைக்கும் சொல்லுவேங்க டீச்சர். அதுக்கு அந்தப் பக்கம் எனக்கும் தெரியாது."

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு ஒரு மணி நேரம் விவாதம், அதிர்வெண், மூளை, கூட்ட மனநிலை என்று. பக்கோடா வந்தது. பதவி விலகச் சொன்னவரே சாலுவுக்கு இரண்டாவது தட்டு எடுத்துக் கொடுத்தார். முடிவில் ஒரு தீர்மானம். அடுத்த கூட்டத்துக்கு உடுக்கையையும் மாதையனையும் வரவழைத்து ஆய்வு செய்வது. எதிர்ப்பு இல்லை. படியிறங்கும்போது டீச்சர் என் காதில், "ஆய்வப்போ நான் முன்வரிசையில உட்காரலாம்ல?" என்றார்.

மாதையனிடம் போனில் சொன்னேன். "ஆடி முடிஞ்சதும் வரேங்க அக்கா. அவங்களுக்கு யாரை வரவழைக்கணுமாம்?"

ஆகஸ்ட் 13, புதன்

காலை முழுக்கச் சவ்வு உரித்தேன். பம்பை கட்டித் தர முடியுமா என்று ஓமலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அது பெரிய வேலை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒத்துக்கொள்ளப் போகிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது சாலு தானாகவே அவர் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டிசம்பருக்குப் பிறகு வீட்டில் இதுதான் முதல் தடவை. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

சின்ன வயதில் வருஷா வருஷம் ஆடித் திருவிழாவுக்கு அப்பா தன்னைக் கூட்டிப் போவாராம். சாமி கும்பிட இல்லை. மக்களை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று கண்காணிக்க. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டி, கூட்டத்துக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்பாராம். உடுக்கை ஆரம்பிப்பதற்கு முன்பே போய்விடுவாராம். கடைசி ஆள் ஆடி முடிக்கிற வரை நகர மாட்டாராம். வீட்டுக்குப் போகலாம் என்று இவர் அழுதால், "இருடா, இன்னும் கண்காணிக்க வேண்டியது இருக்கு" என்பாராம்.

"ஒரு வருஷம்கூட விட்டதில்ல தமயந்தி. காய்ச்சல்ல படுத்திருந்தவரு எந்திரிச்சு வந்தாரு. நான் அவரு இடுப்பு உயரம். மேல நடக்கறது எனக்குத் தெரியாது, அவரு செருப்புதான் தெரியும். இப்பத்தான் ஞாபகம் வருது. கால் தாளம் போட்டுக்கிட்டே இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. ரசம் ஆறிப்போயிற்று. இருபது வருஷம் 'எந்தக் காது?' என்று கேட்டுப் பழகிய வாய், கேட்டுவிட்டேன்.

"எந்தக் கால்?"

கையில் சோற்றோடு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ரெண்டும்தான்" என்றார்.